மாற்றிப் பூசிய மருந்து

மலருக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் என்னுடைய ஒன்பது கால்விரல்களும் நலம். போன ஞாயிற்றுக்கிழமை போனில் என்னிடம் சர்க்கரை எவ்வளவு, மாத்திரை போட்டீர்களா என்று மட்டும் கேட்டுவிட்டு, சொல்ல வேண்டியதையெல்லாம் உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். கூடவே "அப்பாகிட்ட சொல்லாதம்மா" என்றும் சொல்லியிருக்கிறாய். உன் அம்மாவிடம் போய் அப்படிச் சொல்லலாமா? போனை வைத்த மறு நிமிடம் என் முன்னால் வந்து நின்றாள். "உங்க பொண்ண ஏதோ பெரிய கமிட்டியில சேரச் சொல்லிக் கூப்புட்டு இருக்காங்களாம். இவ வரலன்னு எழுதப் போறாளாம். காரணம் நீங்கதானாம்" என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன். அதனால்தான் கடிதம். சாவகாசமாக உட்கார்ந்து படி.

"உங்க பொண்ணு என்னா வேல பாக்குது?" என்று பட்டறையில் யார் கேட்டாலும், "டாக்டருங்க சொல்றது சரியான்னு கணக்குப் போட்டுப் பாக்குற வேலை" என்றுதான் சொல்லி வருகிறேன். அதில் பாதி பெருமை, பாதி திமிர். அந்த வேலையின் விவரத்தை நீ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். முன்பெல்லாம் புது மருந்தைச் சோதித்தால் கடைசி நோயாளி வரை கொடுத்து முடித்துவிட்டுத்தான் கணக்கைத் திறப்பார்கள். இப்போது வருகிற சில சோதனைகளில், நோயாளிகள் சேரச் சேர நடுவிலேயே திறந்து பார்க்கிறார்கள். தோற்கிற மருந்தை அங்கேயே மூடிவிட்டுப் புதிதாக வருகிறவர்களை நல்ல மருந்துக்கு அனுப்புகிறார்கள். ஆள் போதாது என்றால் கூட்டிக்கொள்கிறார்கள். ஆனால் எப்போது பார்ப்பது, என்ன தெரிந்தால் என்ன செய்வது என்பதை முதல் நோயாளி வருவதற்கு முன்பே எழுதி வைத்துவிட வேண்டும். நடுவில் பார்க்கும் உரிமை மூன்று நான்கு பேருக்குத்தான். மருந்து கொடுக்கிற டாக்டருக்குக்கூடத் தெரியாது. அந்த மூன்று நான்கு பேரில் ஒருத்தியாக, முப்பத்தொரு வயதில், என் மகளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நீயோ, "எங்கப்பா கால்ல பாத்தது போதும்" என்கிறாய். அந்தக் காலின் கதையில் உனக்குத் தெரியாத பாகங்கள் உண்டு. அதைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் என் பழைய வண்டவாளம் ஒன்று. நீ காலேஜில் இரண்டாம் வருடம் படித்தபோது, எங்கள் பட்டறையில் பீங்கான் ஃபியூஸ் கட்டைக்குப் புது மண் கலவை ஒன்றைக் கொண்டுவந்தேன். முதலாளியிடம், "இது விரிசல் விடாதுங்க, நான் பொறுப்பு" என்று மார் தட்டினேன். சோதனைக்காகச் சுட்டு வெளியே வந்த ட்ராலியில் பத்துக் கட்டையை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். பத்தும் கணீர் என்றன. அவ்வளவுதான், மறுநாளே சூளை முழுக்க அந்தக் கலவையை ஏற்றிவிட்டேன். திறந்தபோது பாதிக்கு மேல் விரிசல். நான் சூளையைத் திட்டினேன், மண்ணைத் திட்டினேன், கரண்ட்டைத் திட்டினேன். லீவுக்கு வந்திருந்த நீ சாப்பாட்டுக் கூடையோடு வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மெதுவாக, "அப்பா, அந்தப் பத்துல நாலு உடைஞ்சிருந்தா அதோட நிறுத்தியிருப்பீங்களா, இல்ல இன்னும் பத்து எடுத்துப் பாத்திருப்பீங்களா?" என்று கேட்டாய். எனக்குக் கோபம்தான் வந்தது. இன்னும் பத்து எடுத்துத்தான் பார்த்திருப்பேன். அதுவும் சரியில்லை என்றால் இன்னும் பத்து. எனக்குப் பிடித்த பதில் வந்ததும் எண்ணுவதை நிறுத்துகிறவன் நான். இருபத்திரண்டு வருடம் சூளை பார்த்தவனிடம் யாரும் சொல்லாததை நீ ஒரே கேள்வியில் சொல்லிவிட்டாய். அன்றைக்கு உன்னைப் பாராட்டவில்லை. "சாப்பாட்ட வச்சிட்டுப் போ" என்றேன். இப்போது பாராட்டுகிறேன், வட்டியும் முதலுமாக.

அந்தப் புத்தி அன்றோடு வந்துவிட்டதா என்றால், இல்லை. சர்க்கரை வந்து காலில் உணர்ச்சி குறைந்த பிறகு, பட்டறையில் உடைந்த பீங்கான் சில்லு ஒன்று என் வலது காலில் ஏறியது. ஏறியதே தெரியாமல் நாள் பூராவும் நடந்திருக்கிறேன். சாயங்காலம் உன் அம்மா தரையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டுக் கத்தியபோதுதான் தெரிந்தது. ஆறு மாதமாகியும் புண் ஆறவில்லை. பாண்டிச்சேரி போகிற வழியில் இருந்த ஆஸ்பத்திரியில், சர்க்கரைப் புண்ணுக்கு மூன்று மருந்துகளைச் சோதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, உன்னிடமும் கேட்டுத்தான் சேர்ந்தேன். ஒன்று வழக்கமான மருந்து, இரண்டு புதியவை. எல்லாம் ஒரே மாதிரி வெள்ளை டியூப், மேலே எண் மட்டும். யாருக்கு எது என்று டாக்டரம்மாவுக்கும் தெரியாது. வாரா வாரம் வியாழக்கிழமை போக வேண்டும். சிஸ்டர் புண்ணின் மேல் கட்டம் போட்ட கண்ணாடித் தாளை வைத்து, பேனாவால் ஓரம் வரைந்து, எத்தனை கட்டம் என்று எண்ணி எழுதுவார். காலி டியூபைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்க வேண்டும்.

அந்தப் பெஞ்சில்தான் கம்மாபுரம் கலியமூர்த்தி எனக்குப் பழக்கமானார். நிலத்தில் பாதி நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டது, மீதியில் நெல் போடுகிறவர். அவருக்கும் சர்க்கரை, அவருக்கும் வலது கால். நான் நாற்பது கட்டத்தில் ஆரம்பித்து ஐந்து வாரத்தில் முப்பத்தாறுக்கு வந்திருந்தேன். அவர் அதே நாற்பதில் ஆரம்பித்து இருபதுக்கு வந்துவிட்டார். என் கண் அவர் டியூபிலேயே இருந்தது. திரும்பும்போது ஒரே பஸ்ஸில் வந்து விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் இறங்குவோம். டீ குடித்துவிட்டு அவர் கம்மாபுரம் பஸ் ஏறுவார். ஒரு வியாழக்கிழமை டீக்கடையில் வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. "எனக்குத்தான் ஆறிக்கிட்டு வருதே, இத நீங்க கொஞ்ச நாளு போட்டுப் பாருங்க. உங்களுத நான் போட்டுக்குறேன். ஆண்டவன் என்னா பிரிச்சா பாக்கப் போறான்" என்று பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். பெரிய மனசு அவருக்கு. எனக்கு இருந்தது பெரிய பயம். அடுத்த வாரம் பெஞ்சில் காலி டியூபை மறுபடி மாற்றிக்கொள்வோம். எண் சரியாக இருக்கும், சிஸ்டருக்குச் சந்தேகம் வராது. இப்படி நான்கு வாரம். என் புண் பதினெட்டுக் கட்டத்துக்கு வந்தது. அவருடையது இருபதிலேயே நின்று, பிறகு இருபத்திரண்டு ஆனது. அதைச் சிஸ்டர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த நான்காவது வாரம் அவர் என் முகத்தைப் பார்க்காமல், "பனிக்காலம் பாருங்க, அதான்" என்றார். நான் ஆமாம் என்றேன். என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற ஆமாம் அது.

பொங்கலுக்கு நீ வந்தாய். புண்ணுக்குக் கட்டு மாற்ற நீயே உட்கார்ந்தாய். என் அட்டையில் இருந்த எண்ணையும் டியூபில் இருந்த எண்ணையும் பார்த்துவிட்டு, "அப்பா, இது யாரோடது?" என்றாய். பொய் சொல்லிப் பார்த்தேன். மூன்று பொய் சொன்னேன் என்று நினைவு, நான்காவதாகத்தான் கலியமூர்த்தியின் பெயர் வாயில் வந்தது. நீ கட்டுப் போட்டு முடித்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாய். உன் அம்மாதான் எனக்குப் பரிந்து வந்தாள். "அவருக்குத்தான் காலு ஆறுதுல்ல, வுடேன்டி. ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு இதுல என்னா நட்டம்?" என்றாள். நீ அவளைத் திட்டவில்லை. "அந்த கலியமூர்த்தி மாமா காலு எப்படிம்மா இருக்குது?" என்று மட்டும் கேட்டாய். பார்த்தே இராத ஒரு மனிதரை மாமா என்றாய். அந்த ஒரு சொல்லில் நான் பாதி செத்தேன்.

மீதியை விளக்கிச் சொன்னாய். எல்லாம் முடிந்த பிறகு எண்ணுகிற சோதனையாக இருந்தால் என் பொய் ஆயிரத்தில் ஒன்றாகக் கரைந்து போகலாம். இது அப்படி இல்லை. "இன்னும் கொஞ்ச நாள்ல நடுவுல தொறந்து பாப்பாங்கப்பா. இது வரைக்கும் வந்த கட்டத்த வச்சுத்தான் எத மூடுறதுன்னு முடிவு பண்ணுவாங்க. உங்க எண்ணுல நல்லா ஆறுனதா இருக்கும், அவரு எண்ணுல ஆறலன்னு இருக்கும். உங்கள மாதிரி இன்னும் நாலு பேரு மாத்தியிருந்தா, நல்ல மருந்த மூடிட்டு ஆவாத மருந்த வச்சுக்குவாங்க. அப்புறம் வரவங்களுக்கெல்லாம் அதத்தான் குடுப்பாங்க. உங்க பொய்யி உங்களோட நிக்காதுப்பா, அடுத்தவங்க காலுக்குப் போவும்" என்றாய். குரலை உயர்த்தவே இல்லை. நான் சூளையில் எத்தனையோ பேரைக் கத்தி வேலை வாங்கியிருக்கிறேன். குரல் உயர்த்தாமல் ஒரு மனிதனைத் தலைகுனிய வைப்பது எப்படி என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நீயே கூட வந்து சொல்லேன்" என்று கெஞ்சினேன். வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பயம், போலீஸ் வருமோ என்றுகூடப் பயம். நீ மறுத்துவிட்டாய். "நான் வந்தா புடிச்சிக் குடுத்த மாதிரி ஆயிடும். நீங்களே போயிச் சொன்னா அது வேற. சொன்னவர யாரும் வெரட்ட மாட்டாங்க, நான் சொல்றேன் இல்ல" என்றாய். எனக்கு அந்தக் கடைசி வார்த்தை போதுமாக இருந்தது. நாட்டில் எத்தனையோ பேர் உண்மை பேசு, உண்மை பேசு என்கிறார்கள். பேசினால் அடி விழாது என்று யாரும் சொல்வதில்லை.

வியாழக்கிழமை போனேன். கலியமூர்த்தி காலி டியூபைக் கையில் மறைத்து வைத்துக்கொண்டு பெஞ்சில் காத்திருந்தார். நான் சொல்லப் போகிறேன் என்றதும் முகம் வெளுத்துவிட்டது. "என்னாங்க இப்புடிச் சொல்றீங்க, நம்ம ரெண்டு பேரையும் தொரத்திடுவாங்களே" என்றார். "எம் பொண்ணு மாட்டாங்கன்னு சொல்லியிருக்குது" என்றேன். "உங்க பொண்ணு ஆஸ்பத்திரியில இருக்குதா?" "இல்ல, கணக்குல இருக்குது." அவர் டியூபைப் பையில் போட்டுவிட்டு, "சரி வாங்க, நானும் வரேன். குடுத்தவன் நானு, நீங்க மட்டும் எதுக்கு மாட்டிக்கணும்" என்று கூடவே எழுந்து வந்தார். டாக்டரம்மா முழுவதையும் கேட்டார். எந்த வாரம் எந்த டியூப் என்று ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார். எங்கள் பெயரை அவரவர் எண்ணிலிருந்து எடுக்க மாட்டோம், ஆனால் இந்த வாரங்களில் மாற்றிப் பூசியது கணக்குப் பார்ப்பவர்களுக்குப் போகும் என்றார். கடைசியில், "நீங்களா வந்து சொன்னீங்க பாருங்க, ரொம்ப நன்றிங்க" என்றார். நீ சொன்னது அப்படியே நடந்தது.

இனிமேல் வருவதுதான் உன்னை வாட்டுகிற பாகம். அன்றைக்கு என்னுடைய பழைய டியூபே திரும்ப என் கைக்கு வந்தது. "அவரு மருந்தயே குடுங்கம்மா, கண்ணால பாத்துட்டேன், அதுதான் நல்லது" என்று கேட்டேன். "எது நல்லதுன்னு எனக்கே தெரியாதுங்க. தெரிஞ்சவங்க எங்ககிட்ட சொல்லவும் மாட்டாங்க. உங்களுக்கு வேணாம்னா சோதனைய விட்டு எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம், வைத்தியம் நிக்காது" என்றார். நான் விலகவில்லை. இதை உனக்கு நான் இதுவரை சொன்னதில்லை, மலர். விலகலாம் என்று அவர் சொன்னார், நானாகத்தான் வேண்டாம் என்றேன். நீ கட்டாயப்படுத்தியதால் நான் அந்த டியூபைப் பூசியதாக இவ்வளவு நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் பூசியது என் இஷ்டத்தில். நான்கு வாரம் பொய்யனாக இருந்துவிட்டேன், மிச்ச வாரமாவது ஒழுங்காக இருக்கிறேன் என்று ஒரு வீம்பு.

புண் நின்றது, பிறகு பெருத்தது, சுண்டுவிரல் கறுத்தது, எடுத்தார்கள். நீ ஓடி வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்று, "என்னாலதாம்பா" என்று அழுதாய். மயக்கம் தெளியாததால் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தெளிந்த பிறகு சொல்லத் தைரியம் வரவில்லை. அது என் தவறு. அழுத பிள்ளைக்கு அன்றே சொல்லியிருக்க வேண்டியதை இத்தனை வருடம் தள்ளிப் போட்டுவிட்டேன். விரல் அந்த மருந்தால் போனதா, கிழிந்த செருப்போடு நான் சூளைக்குப் போய் நின்றதால் போனதா, உன் அம்மாவுக்குத் தெரியாமல் தின்ற ஜாங்கிரியால் போனதா, யாருக்குத் தெரியும்? ஒரு விரலை வைத்துக்கொண்டு எதையும் தீர்மானிக்கக் கூடாது என்று சொல்லித் தந்தவளே நீதானே? ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்லிவிட்டு, சொந்த அப்பன் விஷயத்தில் மட்டும் ஒன்றைப் பார்த்து முடிவு கட்டிவிட்டாயே.

விரல் எடுத்த ஐந்தாவது வாரம் அவர்கள் நடுவில் திறந்து பார்த்தார்கள். என் டியூபில் இருந்த மருந்தை மூடிவிட்டார்கள். அதில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, மற்ற இரண்டில் ஒன்றுக்கு மாற்றினார்கள். கலியமூர்த்திக்கு முழுதாக ஆறிவிட்டது. அந்த வருடம் நடவுக்கு அவரே வயலில் இறங்கினார். உனக்கு இது வரைக்கும் தெரியும். பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

கடைசி வியாழக்கிழமை எனக்குப் பக்கத்தில் நல்லூர்க்கார அம்மா ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். டெய்லர். மிஷின் மிதிக்கிற காலில் புண். என் மருந்தை மூடிய பிறகு புதிதாகச் சேர்ந்தவள். மூன்று வாரத்தில் முக்கால்வாசி ஆறியிருந்தது. "உங்களுக்கு எந்த மருந்துங்க?" என்று கேட்டாள். "மூடிட்டாங்களே ஒண்ணு, அதுதாம்மா மொதல்ல" என்றேன். அவள் என் காலைப் பார்த்தாள். விரல் இல்லாத இடத்தைப் பார்த்தாள். அய்யோ பாவம் என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு கையையும் கூப்பி, "அப்போ எனக்கு முன்னாடி வந்தவரு நீங்கதாங்களா" என்றாள்.

அந்தக் கும்பிடு பாதி கலியமூர்த்திக்குச் சேர வேண்டியது, மீதி உனக்கு. நீ விட்டிருந்தால் நான் அவளுக்கு முன்னால் பொய்யனாகப் போயிருப்பேன். அவள் கைக்கு எந்த டியூப் வந்திருக்குமோ. அந்த அறையில் உட்கார்ந்தால், தோற்கிற மருந்தை யாரோ ஒருவரின் அப்பா பூசிக்கொண்டிருப்பது உனக்குத் தெரியும், குறித்த நாள் வரும் வரை வாய் திறக்க முடியாது என்று பயப்படுகிறாய். அந்தப் பயம் இல்லாதவர்கள் அங்கே உட்காரக் கூடாது. நான் பத்துக் கட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சூளையை ஏற்றினேன். என்னைப் போன்றவர்கள் அங்கே உட்காரவே கூடாது. உட்கார்ந்ததும் முதல் வேலையாக ஒன்று மட்டும் கேள்: தப்புச் செய்த நோயாளி பயமில்லாமல் வந்து சொல்ல வழி வைத்திருக்கிறீர்களா என்று கேள். உன் அப்பனைப் போலப் பயந்தாங்கொள்ளிகள் எல்லாப் பெஞ்சிலும் இருப்பார்கள்.

பெருமையாக இருக்கிறது மலர். நேரில் சொல்ல வரவில்லை, எழுதிவிட்டேன். நீ சேரவில்லை என்றால் அந்த நாற்காலி காலியாக இருக்காது; வேறு யாராவது வந்து உட்காருவார்கள். ஆனால் அவர்கள் கலியமூர்த்தியின் கால் எப்படி இருக்கிறது என்று கேட்பார்களா என்று எனக்குத் தெரியாது. நீ கேட்பாய். வருகிறேன் என்று இன்றைக்கே எழுதிப் போடு.

அப்பா